கேட்காமலே வைத்த ஆலிவுக்கும் பில்! லிஸ்பனில் சின்ன ஹோட்டலில் எப்படித்தான் சாப்பிடுவது?

கோவைக்காரன்:

லிஸ்பனுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. நான், மனைவி, மாமியார். ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்புகிறோம். நேற்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் நீங்களே சொல்லுங்கள்.

தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஹோட்டல். வாசலில் நின்றவர் வா வா என்று கூப்பிட்டார். உட்கார்ந்த உடனே ஒரு கூடை ரொட்டி, ஒரு கிண்ணம் ஆலிவ், வட்டமாக ஒரு சின்ன சீஸ், எல்லாம் மேசைக்கு வந்துவிட்டது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. நம்ம ஊரில் இலை போட்டதும் உப்பும் ஊறுகாயும் வைப்பார்களே, அந்த மாதிரி என்று நினைத்துப் பேசிக்கொண்டே காலி செய்துவிட்டோம். மாமியாருக்கு அந்தச் சீஸ் ரொம்பப் பிடித்துவிட்டது.

பில் வந்தால் ரொட்டி ஆளுக்கு 1.50 வீதம் 4.50, ஆலிவ் 2.50, சீஸ் 6.50. மொத்தம் 13.50 யூரோ, வாயைத் திறந்து கேட்காத பொருளுக்கு. அது போகட்டும், மீனும் சுமார்தான். மாமியார் சைவம் (முட்டை, பால் சாப்பிடுவார்). அவருக்கு லெட்டூஸும் தக்காளியும் வெட்டி வைத்து 8 யூரோ போட்டார்கள்.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இது ஏமாற்று வேலையா, இங்கே இதுதான் வழக்கமா? இரண்டு, குடும்பமாக நடத்துகிற உண்மையான போர்ச்சுகல் சாப்பாட்டுக் கடை என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதில் போய் ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட ஆசை. எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன கேட்பது? நானும் மனைவியும் மீன், கோழி சாப்பிடுவோம். மாடு, பன்றி வேண்டாம்.

சுண்டல்:

ஐரோப்பாவில் எங்கே போனாலும் இதே கதைதான் சார். பேசாமல் மார்த்திம் மொனீஷ் பக்கம் போய் ஒரு இந்தியக் கடையில் சோறும் பருப்பும் சாப்பிடுங்கள். மாமியாரும் நிம்மதியாக இருப்பார். நாங்கள் ஆறு நாளும் அதைத்தான் செய்தோம்.

ஆர்ரொயுஷ்வாசி:

சுண்டல், ஆறு நாள் லிஸ்பனில் இருந்து பருப்பு சாப்பிட்டுவிட்டு வந்ததை இப்படி வெளியில் சொல்லாதீர்கள். :)

கோவைக்காரரே, முதல் கேள்விக்குப் பதில்: ஏமாற்று இல்லை, வழக்கம். அதற்குக் கூவேர் என்று பெயர். ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சில இடங்களில் மத்தி மீன் பேஸ்ட், சீஸ் எல்லாம் கேட்காமலே வரும். வேண்டாம் என்றால் கையை லேசாக ஆட்டி "நௌன், ஒப்ரிகாது" என்றால் போதும். எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். பெண்கள் சொன்னால் "ஒப்ரிகாதா". ரொட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம். நான் எப்போதும் அப்படித்தான். கேட்கவும் இல்லை, தொடவும் இல்லை என்றால் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று 2015-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. விலையும் மெனுவில் இருக்க வேண்டும். தகராறு என்று வந்தால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் அது இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அந்த வார்த்தையைச் சொன்னாலே கணக்கு சரியாகிவிடும். ஆனால் நீங்கள்தான் சீஸை முழுசாகச் சாப்பிட்டுவிட்டீர்களே. அந்த 6.50 போனது போனதுதான்.

உங்கள் தப்பு கூவேரில் இல்லை. வாசலில் ஆள் நின்று கூப்பிட்ட கடைக்குள் போனது, அதுவும் ராத்திரியில் போனது.

நான் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆர்ரொயுஷ் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. எதிர்ச்சந்தில் ஒரு தாஷ்கா இருக்கிறது (சின்னக் குடும்பக் கடைக்கு இங்கே அதுதான் பேர்). மொத்தம் இருபத்திரண்டு இருக்கை. கணவர் கல்லாவிலும் காப்பி மெஷினிலும் நிற்பார், மனைவி அடுப்பில், மகள் பரிமாறுவாள். கடை பேரைச் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் வந்துவிட்டால் எனக்கு இடம் கிடைக்காது.

அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது, அச்சடித்த மெனுவைப் பார்க்கக் கூடாது என்பது. பிளாஸ்டிக் உறைக்குள் நாற்பது ஐட்டம் இருக்கும். அது சும்மா. உண்மையான மெனு கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒற்றைத் தாள். அன்று காலையில் பேனாவால் எழுதியது, நாலைந்து வரிதான் இருக்கும். ப்ராத்து து தீயா, அதாவது அன்றைய சாப்பாடு. எங்கள் பக்கம் இப்போது 9லிருந்து 11 யூரோவுக்குள் வரும். தீரத் தீர அந்த மகள் வந்து ஒவ்வொரு வரியாக அடித்துவிட்டுப் போவாள். "அக்கபோ" என்றால் தீர்ந்துவிட்டது. ஒன்றேகால் மணிக்குப் போனால் நல்லதெல்லாம் அடித்திருக்கும். பன்னிரண்டே காலுக்குப் போய் உட்காருங்கள்.

ஆரம்பத்தில் ஒருநாள் இரண்டரை மணிக்குப் போய், மெத்தப் படித்தவன் மாதிரி அச்சடித்த மெனுவில் விரலை வைத்து ஏதோ ஒரு மீனைக் கேட்டேன். நாற்பது நிமிடம் ஆனது. ஐஸ்பெட்டியிலிருந்து வந்த மீன் என்று முதல் வாயிலேயே தெரிந்தது. சமையற்கட்டு அம்மா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே என் தட்டைப் பார்த்தார், கதவுத் தாளைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த மெனுவைத் திறந்ததே இல்லை.

அடுத்தது அளவு. "தோஸ்" என்றால் முழுப் பங்கு, இரண்டு பேர் சாப்பிடலாம். "மெய்யா தோஸ்" என்றால் அரைப் பங்கு, ஒருவருக்குத் தாராளம். (அரோஷ் தோஸ் என்று ஒரு இனிப்பு இருக்கிறது, நம்ம பால் பாயசத்தைக் கெட்டியாக்கி மேலே பட்டைத்தூளால் கோலம் போட்டது மாதிரி. அந்தத் தோஸ் வேறு, இந்தத் தோஸ் வேறு. நம்ம தோசைக்கும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை.) இது தெரியாமல் நான் தனியாளாக வாத்துச் சோறு ஒரு தோஸ் வாங்கினேன். அடுப்பில் வைத்து மேலே மொறுமொறுவென்று ஆக்கிய சோறு, மண்சட்டி நிறைய. பாதிதான் முடிந்தது. மீதியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக "சாப்பிட்டாயா?" என்று விசாரணை. வாத்துச் சோற்றில் மேலே வட்டவட்டமாக இருப்பது பன்றித் தொத்திறைச்சி, ஷோரீசு. நீங்கள் அதைத் தவிருங்கள்.

உங்களுக்கு வெள்ளிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் அன்றைக்குப் பகல்யாவ் இருக்கும். உப்பிட்டுக் காயவைத்த காட் மீன். வேடிக்கை என்னவென்றால் இந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடையாது. அந்தக் காலத்தில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பலில் போய்ப் பிடித்து வந்தார்கள், இப்போது பெரும்பாலும் நார்வேயிலிருந்து வருகிறது. நம்ம கருவாடு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், அந்த வாடையே இருக்காது. ஒருமுறை பின்பக்கம் கழிப்பறைக்குப் போகும்போது குளிர்பெட்டி திறந்திருந்தது, உள்ளே பார்த்தேன். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பலகை பலகையாக மீன், தோல் மேலே இருக்கிற மாதிரி தண்ணீரில் கிடந்தது. புதன்கிழமையே ஊறப்போட்டு, நாளைக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றுவார்களாம். தோல் கீழே இருந்தால் உப்பு இறங்காது என்று அந்த அம்மா சைகையிலேயே காட்டினார்.

அதை வைத்து ஆயிரம் வகை செய்வதாகப் பெருமை அடித்துக்கொள்வார்கள். நீங்கள் "பகல்யாவ் ஆ ப்ராஷ்" கேளுங்கள். ஊறிய மீனை நார் நாராகப் பிய்த்து, வெங்காயமும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் வதங்கியதும் அதில் போட்டு, தீக்குச்சி பருமனுக்கு வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கைக் கொட்டி, கடைசியில் அடித்த முட்டையை ஊற்றிக் கிளறுவார்கள். முட்டையை ஊற்றும்போது சட்டியை அடுப்பிலிருந்து தூக்கிவிட வேண்டும். அங்கேதான் கைப்பக்குவம். கொஞ்சம் தாமதித்தால் நம்ம முட்டைப் பொடிமாஸ் மாதிரி உதிரி உதிரியாகப் போய்விடும். சரியாக வந்தால் பளபளவென்று, ஒரு ஈரத்தோடு தட்டில் சரிந்து உட்காரும். மேலே பார்ஸ்லி, நாலு கறுப்பு ஆலிவ். காரம் துளிகூட இருக்காது. காரம் வேண்டுமென்றால் பிரிபிரி எண்ணெய் கேளுங்கள், ஒரு பழைய பாட்டில் வரும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாயை எடுத்துக் கொண்டுபோய் நம்மிடம் கொடுத்தவர்கள் இவர்கள்தான். கொடுத்துவிட்டு இவர்கள் மட்டும் தொடாமல் இருந்துவிட்டார்கள்.

பன்றி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "ஆ அலெந்தெஜானா" என்று ஒரு அயிட்டம், தட்டைப் பார்த்தால் மேலே எல்லாம் சிப்பி. கடல் உணவு என்று நினைத்துக் கை வைத்துவிடாதீர்கள், அடியில் இருப்பது பன்றி. வியாழக்கிழமை எங்கள் கடையில் கொசீது. மாடு, பன்றி, தொத்திறைச்சி, கோஸ், டர்னிப், கேரட் எல்லாம் வேகவைத்து மலை மாதிரி வரும். அது உங்களுக்கு இல்லை.

சரி, கடையைக் கண்டுபிடிப்பது. கோட்டைப் பக்கம், சுற்றுலாக்காரர்கள் ஏறுகிற டிராம் 28 போகிற வழி, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மெட்ரோ ஏறி ஆல்வலாத், பென்ஃபிகா மாதிரி ஆட்கள் குடியிருக்கிற பகுதியில் இறங்குங்கள். மேசையில் துணிக்குப் பதில் வெள்ளைத் தாள், ஓரத்தில் கிளிப். மூலையில் டிவி ஓடும், யாரும் பார்க்க மாட்டார்கள். பெயிண்ட் தெறித்த பேண்ட்டோடு நாலு பேர், பக்கத்து மேசையில் டை கட்டிய பேங்க் ஆள். இதெல்லாம் இருந்தால் நம்பி உட்காரலாம். மெனுவில் உணவின் படம் போட்டிருந்தால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

இந்தக் கடைகளில் சில பழையவற்றின் கதை சுவாரசியமானது. ஸ்பெயினின் வடமேற்கு மூலை கலீசியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் லிஸ்பனில் ஒரே கடையில் அடுப்புக்கரியும் ஒயினும் விற்றார்கள். கரி வாங்க வந்தவன் ஒரு கோப்பை குடிப்பான், அப்புறம் கூட ஏதாவது கொறிக்கக் கேட்பான். கரி போய்விட்டது, சாப்பாடு நின்றுவிட்டது. 2012-இல் வாடகைச் சட்டத்தைத் தளர்த்திய பிறகு நடு ஊரில் இருந்த பல கடைகள் வாடகை தாங்காமல் மூடிவிட்டன. எங்கள் சந்திலேயே இரண்டு போய்விட்டன. ஒன்றில் இப்போது பெட்டி வைக்கிற லாக்கர் இருக்கிறது.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் உள்ளூர் மல்டிபாங்கு அட்டை மட்டும்தான் எடுக்கும், நம்ம விசா வேலை செய்யாது. பில் போடும்போது "கோன்ட்ரிபுயின்ட்?" என்று கேட்பார்கள். பயப்பட வேண்டாம், வரி எண் வேண்டுமா என்று கேட்கிறார்கள். "நௌன்" என்றால் முடிந்தது. டிப்ஸ் கட்டாயமில்லை. சில்லறையை விட்டுவிட்டு வாருங்கள்.

வடமராட்சியான்:

ஆர்ரொயுஷ்வாசி எழுதியதை வாசிக்கப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நான் சுவிஸில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் பதினாலு வருசம் வேலை செய்தேன். பாதிப் பேர் எங்கட சனம், மீதிப் பாதி போர்த்துக்கேயர். முதல் கிழமை ஒருத்தருக்கும் ஒருத்தர் பாஷை விளங்காது. ஒரு நாள் நான் எங்கட பெடியனிடம் "பாண் எடு" (ரொட்டியைத்தான் நாங்கள் பாண் என்போம்) என்று கத்த, பக்கத்தில் நின்ற போர்த்துக்கேயன் பாணைத் தூக்கித் தந்தான். இரண்டு பேருமே திகைத்துப் போனோம்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். குசினி அவனுக்குக் கொசின்யா. மேசை மேசா. கதிரை (நாற்காலி) கதேய்ரா. அலமாரி அர்மாரியு. துவாய் துவால்யா. சப்பாத்து (ஷூ) அப்படியே சபாத்து. விறாந்தை வராந்தா. போர்த்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து 1658-இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போனார்கள், நாற்பது வருசம்கூட இல்லை. ஆனால் நாங்கள் இன்றைக்கும் அவர்கள் சொல்லில்தான் இருக்கிறோம், அவர்கள் சொல்லைத்தான் தின்கிறோம்.

அவனுடைய ஊருக்கு, போர்த்துவுக்கு வடக்கே, ஒருமுறை கூட்டிக்கொண்டு போனான். தாயும் தமக்கையும் நடத்துகிற சின்னக் கடை. கால்து வேர்த் என்று ஒரு சூப் தந்தார்கள். உருளைக்கிழங்கு கரைத்த கூழில் கீரையை மயிர் மாதிரி மெல்லிசாக அரிந்து போட்டது. அந்தத் தாய் இலைகளைச் சுருட்டுப் போலச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கத்தியால் அரிந்த வேகம் இப்பவும் கண்ணில் நிற்கிறது. எங்கட அம்மா வல்லாரை அரிகிறதும் அப்படித்தான்.

கோவைக்காரர், மாமியாரிடம் அந்தச் சூப்பைக் கொடுக்கிறதென்றால் ஷோரீசு இல்லாமல் கேளுங்கோ. ஒரு துண்டு போடுவது வழக்கம்.

கோவைக்காரன்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சீஸ் விஷயத்தைப் படித்துக் காட்டினேன், மாமியார் "நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார். அவருக்கு வேறு என்ன கேட்பது என்று மட்டும் கொஞ்சம் சொல்லுங்கள். "வெஜிடேரியன்" என்றால் புரியுமா?

ஆர்ரொயுஷ்வாசி:

வார்த்தை புரியும், பொருள் புரியும் என்று உத்தரவாதம் இல்லை. பழைய ஆட்களுக்குக் "கார்ன்" (இறைச்சி) என்றால் மாடு, பன்றி. கோழி, ஃபியாம்ப்ர் என்கிற பன்றித் துண்டு, டூனா எல்லாம் அந்தக் கணக்கில் வராது. எங்கள் ஆபீஸ் பெண் ஒருத்திக்குச் "சைவ" சாலட் கேட்டு டூனாவோடு வந்தது, அந்த அம்மா அன்போடுதான் கொண்டுவந்து வைத்தார். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: "செய்ன் கார்ன், செய்ன் ஃப்ராங்கு, செய்ன் பெய்ஷ், செய்ன் ஃபியாம்ப்ர், செய்ன் ஷோரீசு." செய்ன் என்றால் இல்லாமல், ஃப்ராங்கு கோழி, பெய்ஷ் மீன்.

முட்டை சாப்பிடுவார் என்பதால் கவலையே இல்லை. ஒமெலெத் எங்கேயும் போட்டுத் தருவார்கள், கூடவே சோறும் உருளைக்கிழங்கும் வரும், இரண்டும் ஒரே தட்டில். காய்கறி சூப் தினமும் இருக்கும். ஆனால் எலும்போ கொழுப்போ சேர்த்துக் கொதிக்கவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று: தாளில் "பெய்ஷீன்யுஷ் த ஓர்த்தா" என்று இருந்தால் யோசிக்காமல் கேளுங்கள். பெயருக்கு அர்த்தம் தோட்டத்துக் குட்டி மீன்கள். மீன் கிடையாது, பீன்ஸை முழுசாக மாவில் தோய்த்துப் பொரித்தது. பதினாறாம் நூற்றாண்டில் இவர்கள் கொண்டுபோன இந்தப் பண்டம்தான் ஜப்பானில் டெம்புரா ஆனது என்பார்கள். மாமியாரிடம் அந்தச் சரித்திரமெல்லாம் வேண்டாம், பீன்ஸ் பஜ்ஜி என்று சொல்லிவிடுங்கள்.

கோவைக்காரன்:

இன்று போய் வந்தோம்! பென்ஃபிகா பக்கம் இறங்கி இருபது நிமிடம் நடந்தோம், மாமியார் முறைக்க ஆரம்பித்த நேரத்தில் கண்ணாடியில் தாள் ஒட்டிய கடை. 12.20. உள்ளே மூன்று பேர்தான். பத்து நிமிடத்தில் நிரம்பி, வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் வந்தது. "நௌன், ஒப்ரிகாது" சொன்னேன். பரிமாறியவர் சிரித்துவிட்டு ஆலிவையும் வெண்ணெயையும் எடுத்தார். ரொட்டியை எடுக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். ஆ ப்ராஷ் இரண்டு மெய்யா தோஸ். நீங்கள் சொன்ன மாதிரியே பளபளவென்று இருந்தது. மனைவி பாதி வரை பேசவே இல்லை. மாமியாருக்கு ஒமெலெத். அவர் தட்டில் சோறு மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். மாமியார் தமிழில் "வயிறு நிறைஞ்சிருச்சும்மா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். பாட்டி போய் பட்டைத்தூள் போட்ட பாயசத்தோடு திரும்பி வந்தார். அதுவும் உள்ளே போய்விட்டது. நான் இன்னொன்று வாங்கினேன்.

பில்லை மேசைத் தாளிலேயே பேனாவால் எழுதிக் கூட்டினார்கள். அந்த மூலையைக் கிழித்து எடுத்து வந்திருக்கிறேன். சூப் 3, 6.00. ப்ராஷ் 2, 19.00. ஒமெலெத் 7.50. தண்ணீர் 1.50. அரோஷ் தோஸ் 2, 6.00. காப்பி 2, 1.80. நடுவில் ஒரு வரி மட்டும் புரியவில்லை. 1.20 போட்டிருக்கிறது. மூன்றே எழுத்து: பி, அப்புறம் தலையில் நெளி போட்ட ஏ, அப்புறம் ஓ. மொத்தம் 43.00. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என்ன, கேட்காமல் ஏதாவது சேர்த்துவிட்டார்களா?

வடமராட்சியான்:

பாண்!

ஆர்ரொயுஷ்வாசி:

சாப்பிட்டீர்களா இல்லையா?

கோவைக்காரன்:

கடைசித் துண்டால் தட்டைத் துடைத்தே சாப்பிட்டேன்.